மூச்சு குறைவா, காற்றுக் கசிவா?

"சார், எனக்கு மூச்சு போதவில்லை. ஹார்மோனிக்காவை விட்டுவிடப் போகிறேன்."

படிவம் இரண்டு மாணவி ஒருத்தி என்னிடம் இப்படிச் சொன்னாள். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து, இணையத்தில் நிறைய நட்சத்திரங்கள் பெற்றிருந்த குரோமாட்டிக் ஹார்மோனிக்கா ஒன்றை வாங்கியிருந்தாள். "இன்னும் பயிற்சி செய்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். நல்லவேளை, வாய்வரை வந்த அந்தச் சொல்லை நிறுத்திக்கொண்டேன்.

மாணவர்களே, தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஆரம்பப் பள்ளியிலேயே படித்தீர்கள் அல்லவா? அதையே இங்கும் செய்தோம். முதலில் அவளிடம் இசை அறையிலிருந்த பழைய கருவியைக் கொடுத்தோம். ஊதுபவர் அதே ஆள், கருவி மட்டும் வேறு. பிறகு அவளுடைய கருவியை, நன்றாக வாசிக்கும் தோழியிடம் கொடுத்தோம். கருவி அதே, ஆள் வேறு. ஒவ்வொரு முறையும் வாய்ப்பகுதியைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு, ஒரே சுரத்தை ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறது என்று பார்த்தோம். பழைய கருவியில் அவள் எளிதாக நீட்டினாள். அவளுடைய கருவியில் தோழியால்கூட அதில் பாதி நேரம் நீட்ட முடியவில்லை. குறை மூச்சில் இல்லை.

ஏன் இப்படி? 12 துளைக் கருவியில் 48 ரீடுகள் உண்டு. ஒவ்வொரு துளைக்கும் நான்கு: ஊதுவதற்கு இரண்டு, உறிஞ்சுவதற்கு இரண்டு. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு தகடு நகர்ந்து, அரைச்சுரம் உயர்ந்த ரீடுகளுக்குக் காற்றைத் திருப்பிவிடும். அந்தத் தகடு தடையின்றி நகர இடைவெளி வேண்டும். இடைவெளி கூடினால் காற்று கசியும், குறைந்தால் தகடு சிக்கிக்கொள்ளும். இந்தச் சமநிலையைப் பிடிப்பதுதான் தயாரிப்பாளரின் திறமை. பளபளக்கும் மூடியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மரமா, பிளாஸ்டிக்கா என்று பலர் வாதிடுவார்கள். ஹோனர் நிறுவனத்தின் குரோமோனிக்கா 270இன் நடுக்கட்டை பேரி மரம். அதே நிறுவனத்தின் சிஎக்ஸ் 12 பிளாஸ்டிக். மரம் ஈரத்தில் உப்பக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஹார்மோனிக்காவில் கிதாரைப் போல உடற்பகுதி அதிர்ந்து ஒலியைப் பெருக்குவதில்லை. ரீடு அதிர்ந்து காற்றோட்டத்தைத் துண்டுதுண்டாக வெட்டுவதால்தான் ஒலி பிறக்கிறது. ஆகவே என் கருத்தில், எதனால் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தினார்கள் என்பதே முதல் கேள்வி.

வாங்கியவுடன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். ஒன்று, பேசும் அளவு மெல்லிய மூச்சில் எல்லாத் துளைகளிலும் ஊதியும் உறிஞ்சியும் பாருங்கள். பொத்தானை அழுத்தியும் அழுத்தாமலும் 48 ரீடுகளும் ஒலிக்க வேண்டும். இரண்டு, பொத்தானைப் பலமுறை வேகமாக அழுத்தி விடுங்கள். தகடு ஒவ்வொரு முறையும் தானே திரும்பி வர வேண்டும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சி சுருதிக் கருவியில் 4ஆம், 5ஆம் துளைகள் இரண்டையும் ஊதினால் ஒரே 'சி' வரும். அதிர்வெண் ஏறக்குறைய 523 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து ஊதுங்கள். ஒலி அலை அலையாகக் கூடிக் குறைந்தால் சுருதி விலகியிருக்கிறது. நொடிக்கு இரண்டு அலை என்றால் வித்தியாசம் 2 ஹெர்ட்ஸ். கருவியே உங்களுக்கு அளந்து சொல்லிவிடுகிறது!

ஓர் எச்சரிக்கை. குளிர்சாதன அறையில் எடுத்தவுடன் ஊதினால், மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தில் படிந்து நீர்த்துளியாகும். ரீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் அதில் ஒட்டிக்கொண்டு, சில சுரங்கள் தடுமாறும். அது தயாரிப்புக் குறையல்ல. கருவியைச் சில நிமிடம் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகே சோதியுங்கள். இல்லாவிட்டால் நல்ல கருவி மீது வீண்பழி விழும்.

கடைகளில் துருத்தி வைத்து ஊதிக் காட்டுவார்கள். சுகாதாரத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் துருத்திக்கு மூச்சு வாங்காது. எந்தச் சுரம் உங்களைக் களைக்க வைக்கும் என்பதை அதனால் சொல்ல முடியாது. ஆகவே, திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் இடத்தில் வாங்குங்கள். நட்சத்திரங்களும் போதாது. பொட்டலத்தைப் பிரித்த மகிழ்ச்சியிலேயே நட்சத்திரம் போடுபவர்களும் உண்டு. விலை மலிவு என்பதாலேயே ஒரு கருவி மோசமாகிவிடாது. விலை கூடியதற்கும் அதே மூன்று சோதனைகள் உண்டு.

சோதனையின் முடிவு மறுபக்கமும் வரலாம். உங்கள் கருவியில் தோழி நன்றாக வாசித்து, நீங்கள் மட்டும் திணறினால், பயிற்சி போதவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அறிவியல் நமக்குச் சாதகமாக மட்டும் பேசாது.

அந்த மாணவி கருவியைத் திருப்பி அனுப்பிவிட்டு, இப்போது இசை அறையின் பழைய கருவியில் வாசிக்கிறாள். மூச்சு அதே மூச்சுதான். "எனக்கு வராது" என்று எதையும் கைவிடுவதற்கு முன், ஒரே ஒரு மாறியை மாற்றிப் பாருங்கள்.