தாய்மாமன் போட்ட உத்தரவு



நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய் நிற்க வேண்டும் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். வருஷக்கணக்கில் முகம் பார்க்காத பங்காளிகூட, சாவுச் செய்தி கேட்டால் கிளம்பி வந்துவிடுவார். அப்படிப்பட்ட நேரத்தில், ‘அழக் கூடாது, ஒரு பிடி மண் போடக் கூடாது, மீறினால் கல்லால் அடித்துக் கொல்வோம்’ என்று ஓர் அரசாங்கம் சொன்னால் என்ன செய்வீர்கள்?

கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸ் நகரத்தில் மேடையேறிய ‘ஆன்டிகனி’ நாடகம் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. எழுதியவர் சோஃபோக்ளிஸ்.

கதை சிறியது. தீப்ஸ் நகரத்து மன்னன் ஈடிபஸுக்கு இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். அவனுக்குப் பிறகு ஆட்சி யாருக்கு என்று மகன்களுக்குள் சண்டை. பாலினைசிஸ் வெளியூர்ப் படையைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊர் மேலேயே வந்தான். எடியோகிளிஸ் ஊரைக் காக்க நின்றான். ஒருவன் கையால் மற்றவன் செத்தான். ஆட்சி கிரியோன் கைக்கு வந்தது. ஊரைக் காத்தவனுக்கு மரியாதையோடு அடக்கம், படையோடு வந்தவன் உடல் நாய்க்கும் கழுகுக்கும் என்பது அவன் உத்தரவு.

இந்தக் கிரியோன் யார்? செத்தவர்களின் அம்மாவுடைய சகோதரன். உத்தரவை மீறி மண் போடப் போகும் அவர்கள் சகோதரி ஆன்டிகனிக்குத் தாய்மாமன். அவள் மணக்க நிச்சயமாகியிருக்கும் ஹேமோன், அந்த மாமன் பெற்ற மகன். இந்த உறவு முறையை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுமா? ‘தனிமனித மனசாட்சியா, அரசின் அதிகாரமா’ என்று புத்தகங்களில் பெரிய தலைப்பில் பேசப்படும் இந்த மோதல், ஒரே குடும்பத்துக்குள் நடக்கிறது.

கிரியோனைக் கொடியவன் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பதவியேற்றதும் அவன் பேசுவதைக் கேளுங்கள். நாட்டைவிட நண்பன் பெரிது என்று நினைப்பவனை நான் மனிதனாகவே மதிக்க மாட்டேன் என்கிறான். யார்தான் கை தட்ட மாட்டோம்? சொந்தக்காரனுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று நடப்பவர்களைத்தானே தினமும் குறை சொல்கிறோம்? இவனோ சொந்தபந்தம் பார்க்காமல், சகோதரி பெற்ற பெண்ணுக்கே தண்டனை கொடுக்கிறான்.

அப்படியானால் தப்பு எங்கே?

ஏதென்ஸ் மக்களுக்கு இந்த உத்தரவு முழுக்கப் புதிதாக இருந்திருக்காது. துரோகி என்று தீர்ப்பான ஒருவனைத் தங்கள் மண்ணில் புதைக்க அவர்கள் சட்டமும் விட்டதில்லை. ஆனால் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் அடக்கம் செய்ய வழி இருந்தது. கிரியோன் அந்த வழியையும் அடைத்து, பிணத்துக்குக் காவல் போட்டான். செத்தவன் மறுபடி படை திரட்டி வரப்போவதில்லை. அவனுக்கு இந்தத் தண்டனை வலிக்காது. வலித்தது உயிரோடு வீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கு. உடலைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஒப்பாரி வைத்து அனுப்புவது அந்தச் சமூகத்தில் பெண்களின் கடமை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தன் கையாலேயே அதைச் செய்தவள் ஆன்டிகனி. கூடப் பிறந்தவனுக்கு மட்டும் செய்யாதே என்றால் எப்படி? உயிரோடு இருப்பவனைப் பிடிக்கவும் தண்டிக்கவும் அரசுக்கு உரிமை உண்டு. மூச்சு நின்ற பிறகு அவன் குடும்பத்தின் கைக்கு வந்துவிடுகிறான். கிரியோன் கால் வைத்தது தன் எல்லைக்கு வெளியே என்பதுதான் என் கருத்து.

அவள் செய்தது என்ன பெரிய கலகம்? உடல்மேல் மெல்லிசாக மண் தூவினாள். காவலர்கள் அதைத் தட்டிவிட்டதும் மறுபடி வந்தாள். பிடிபட்டபோது, உத்தரவு தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியும் என்றாள். தேவர்களின் எழுதப்படாத சட்டம் என்றைக்கும் இருக்கிறது, மனிதன் ஒருவன் அறிவித்த உத்தரவு அதை மீற முடியாது என்றாள்.

பிடித்துக் கொண்டுவந்த காவல்காரனையும் மறக்க முடியவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் உயிர் எனக்கு முக்கியம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போகிறான். டியூட்டி பார்த்து வீடு திரும்ப வேண்டிய மனிதன். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

தங்கை இஸ்மெனி? ஆளுகிறவர்களோடு நாம் மோத முடியுமா அக்கா என்று முதலில் பின்வாங்குகிறாள். தண்டனை என்று வந்ததும், நானும்தான் செய்தேன் என்று ஓடி வருகிறாள். ஆன்டிகனி அவளை வெடுக்கென்று தள்ளிவிடுகிறாள். அந்த இடத்தில் எனக்கு ஆன்டிகனி மேல் வருத்தம்தான். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்ற உறுதி, பக்கத்தில் நிற்பவர்களிடம் எத்தனை கடுமையாக மாறிவிடுகிறது, பாருங்கள்.

நாடகத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஹேமோன் அப்பாவிடம் பேசும் காட்சியை. சண்டை போட அவன் வரவில்லை. நான் உங்கள் பிள்ளை, உங்கள் சொல்படி நடப்பவன் என்று பணிவாகத்தான் ஆரம்பிக்கிறான். உங்கள் முகத்துக்குப் பயந்து ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கிறது, இருட்டில் எல்லோரும் அந்தப் பெண்ணுக்காக அழுகிறார்கள், அது என் காதில் விழுகிறது என்கிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் பிழைக்கும் என்கிறான். பதிலுக்கு அப்பா என்ன கேட்கிறார்? இந்த வயசில் இந்தப் பொடியனிடமா நான் புத்தி கேட்பது! இந்த வாக்கியத்தைக் கேட்காத வீடு உண்டா?

அடுத்து கிரியோன், நகரம் ஆளுகிறவனுக்குத்தானே சொந்தம் என்கிறான். ஆள் இல்லாத பாலைவனத்தை நீங்கள் தனியாக நன்றாக ஆளலாம் என்கிறான் மகன். பேச்சு அங்கே முறிகிறது.

ஆன்டிகனியைக் குகையில் உயிரோடு அடைக்கிறார்கள். பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் வந்து எச்சரித்த பிறகுதான் கிரியோனுக்கு நடுக்கம் பிடிக்கிறது. முதலில் பெண்ணை விடுவியுங்கள், பிறகு உடலை அடக்கம் செய்யுங்கள் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவன் வரிசையை மாற்றுகிறான். முதலில் உடலைக் கழுவி, எரித்து, மேடு எழுப்புகிறான். அதற்குப் பிறகுதான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். அப்பாமேல் வாளை வீசிய ஹேமோன், குறி தவறியதும் தன் விலாவிலேயே பாய்ச்சிக்கொள்கிறான். செய்தி கேட்டுத் தாய் யூரிடிசியும் உயிரை விடுகிறாள். கிரியோன் நேராகக் குகைக்குப் போயிருந்தால்? அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடிவதே இல்லை.

இதை எழுதியவர் அதிகாரத்தை வெளியிலிருந்து பார்த்தவர் அல்ல. ஏதென்ஸில் கருவூலப் பொறுப்பிலும், பெரிக்ளிஸோடு படைத்தளபதியாகவும் இருந்தவர். கிரியோனின் நாற்காலி அவருக்குத் தெரியும்.

அந்த நாற்காலியில் ஒரே மனிதன்தான் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. கி.மு. 406-இல் ஆர்கினுசே கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது. புயலில், உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களை மீட்க முடியவில்லை, இறந்தவர்களின் உடல்களையும் எடுக்க முடியவில்லை. கோபம் கொண்ட மக்கள் சபை, தளபதிகளைத் தனித்தனியாக விசாரிக்காமல் மொத்தமாகத் தீர்ப்புச் சொல்லி 6 பேரைக் கொன்றது. இது சட்டத்துக்கு விரோதம் என்று அன்றைக்குத் தலைமைக் குழுவில் எதிர்த்து நின்றவர் சாக்ரடீஸ். கூச்சலும் மிரட்டலும் அவரை அசைக்கவில்லை. 7 ஆண்டு கழித்து, கி.மு. 399-இல் அதே நகரம் அவருக்கு விஷம் கொடுத்தது. மன்னன் இல்லாத, மக்களே ஓட்டுப் போட்ட ஊரில் நடந்தது இது.

ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டபோது நெல்சன் மண்டேலா ஏற்ற வேடம் கிரியோன். மனசாட்சிக்காக ஆயுள் தண்டனையில் இருந்தவர் மன்னனின் வசனத்தைப் பேசியிருக்கிறார். கிரியோனின் ஆரம்பப் பேச்சில் அறிவு இருக்கிறது, பிறகு அவன் யார் சொல்லையும் கேட்கவில்லை என்று தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். தங்கள் போராட்டத்தின் அடையாளமாக அவர் கண்டது ஆன்டிகனியை.

நாடகம் ஏறத்தாழ 1,350 வரிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். முடிந்தால் வீட்டில் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துச் சத்தமாகப் படியுங்கள். கிரியோன் வேடத்தை வீட்டில் இளையவருக்கும், ஹேமோன் வேடத்தை அப்பாவுக்கும் கொடுங்கள். படித்து முடித்து எனக்கு எழுதுங்கள். முக்கியமாக, இஸ்மெனியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஆசிரியர்