சொந்த மனை யாருக்கு?

உத்திரமேரூர் என்றாலே குடவோலை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊரைச் சொல்லித்தான் ஜனநாயகப் பெருமை பேசினார். ஆனால் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் தகுதிகளைப் பெருமை பேசுவோர் படித்துக் காட்டுவதில்லை. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தை உழுதவர்களின் பெயர் குடத்துக்குள் போக வழியே இல்லை.

ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் 'சொந்த மனை' என்ற தகுதி மட்டும் இன்னும் நடப்பில் இருக்கிறது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளும், பரந்தூர் விமான நிலைய அறிவிப்பும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் மனை விலையை ஏற்றிவிட்டன. வயல்கள் பிளாட்டுகளாகின்றன. இடத்தில் போட்ட பணம் வீண்போகாது என்கிறார்கள் தரகர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பலன் ஏற்கெனவே இடம் வைத்திருப்பவருக்கே போகிறது. இடம் யாரிடம் இருக்கிறது என்பதைத் தீர்மானித்தது சந்தை அல்ல, சாதி.

உத்திரமேரூரும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை இதைத்தான் பதிவு செய்தது. பறையர்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாரர்கள் பிடியில் இருந்தது. கூலி கேட்டு எதிர்த்தால் குடிசையே போய்விடும். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்ததே பஞ்சமி நில ஆணை. பட்டியல் சாதியல்லாதவருக்கு விற்கவே முடியாத அந்த நிலங்கள் கைமாறிப்போயின. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர்.

இன்று கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தருகிறது அரசு. ஆனால் முதலில் கையில் மனையும் பட்டாவும் வேண்டும். புறம்போக்கில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். வங்கிக் கடனுக்கும் இதே கதிதான்.

சரி, வாடகைக்காவது போகலாம் என்றால், முன்பணத்துக்கு முன்பே கேள்வி வருகிறது: "நீங்க என்ன ஆளுங்க?" சிலர் நாசூக்காக "நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?" என்பார்கள். நிரந்தர வேலையும் சம்பளச் சீட்டும் இருந்தாலும் ஊர்த்தெருவில் வீடு கிடைக்காது. வாடகையைக் கொடுக்க முடியுமா என்ற கணக்கே அதற்குப் பிறகுதான்.

பிரிட்டனில் கறுப்பர்களுக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் வீடு இல்லை என்று பலகை மாட்டிய காலம் ஒன்று இருந்தது. இன அடிப்படையில் வீடு மறுப்பதை 1968இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சட்டத்தால் மனம் மாறிவிடவில்லை. ஆனால் மறுக்கப்பட்டவருக்குக் கேள்வி கேட்க ஒரு வழி கிடைத்தது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ ஒப்பந்தம், முன்பணம், வாடகை உயர்வு பற்றிப் பேசுகிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி மௌனம் காக்கிறது.

பஞ்சமி நிலங்களை மீட்டு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மனையில்லாக் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் பட்டா வேண்டும், அதுவும் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் அல்ல. சாதி கேட்டு வீடு மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக வாடகைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

தோழர்களே, அடுத்தமுறை யாராவது குடவோலைப் பெருமை பேசினால், அந்தக் கல்வெட்டின் தகுதிப் பட்டியலையும் வாசிக்கச் சொல்லுங்கள்.