பேய் வராத பேய்ப்படம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, பிளேர் விட்ச் பிராஜெக்ட்னு ஒரு படம், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாமல் என்ன? அந்தப் படத்தைத் திட்டியே ஒரு ராத்திரியைக் கழித்தவன் நான்.

1999-ஆம் வருஷம். மகன் நியூஜெர்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். ஒரு வாரம் சாப்பாடு, ஆபீஸ் எதையும் சொல்லாமல் ஒரு சினிமாவைப் பற்றியே பேசினான்.

"நிஜமாவே நடந்ததுப்பா. மூணு காலேஜ் பசங்க சூனியக்காரியைப் பத்திப் படம் எடுக்கறோம்னு காட்டுக்குள்ள போயிருக்காங்க. ஆள் திரும்பலை. அவங்க எடுத்த வீடியோ மட்டும் கிடைச்சிருக்கு. அதைத்தான் தியேட்டர்ல போடறாங்க. ரெண்டு நாளா லைட்டை அணைக்காமத்தான் தூங்கறேன்."

இருபத்து நாலு வயசுப் பையன்! எனக்கே சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

மறு வருஷம் லீவில் வந்தபோது அந்தப் படத்தை சி.டி.யில் கொண்டுவந்தான். அதற்குள் எல்லாமே கட்டுக்கதை என்று ஊர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. முறுக்குத் தட்டோடு நாலைந்து பேர் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். கேமரா ஆடிய ஆட்டத்தில் என் மனைவி கால் மணி நேரத்தில் தலை சுற்றுகிறது என்று எழுந்து போய்விட்டாள். என் மச்சினன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "அத்தான், பேய் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், நாய் ஊளை என்று பழகியவர்கள் நாங்கள். நான் என் பங்குக்கு, "இந்தப் பொண்ணு கத்தறதை நிறுத்தினாத்தான் பேய் தைரியமா வெளியே வரும்" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படம் முடிந்தது. பேய் வரவே இல்லை. "இதுக்கா அமெரிக்காவே பயந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனோம்.

பேரனோடு மறுபடி பார்த்த பிறகு, அன்று நாங்கள் சொன்ன அபிப்பிராயங்கள் எங்களுடையவை மட்டும் அல்ல என்று தெரிந்துகொண்டேன். அமெரிக்கத் தியேட்டர்களிலும் இதேதான் நடந்திருக்கிறது. ஒரு கூட்டம் வீட்டுக்குப் போய் லைட்டை அணைக்கவில்லை. இன்னொரு கூட்டம் "ஒண்ணுமே இல்லையே" என்று காசைத் திருப்பிக் கேட்காத குறையாக வெளியே வந்தது. சிலருக்குக் கேமரா ஆட்டத்தில் வாந்தியே வந்திருக்கிறது. பெயர்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தார். தியேட்டரிலிருந்து வெளியே வந்த பொதுஜனத்திடம் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் கேட்டபோது கிடைத்த மார்க் சி பிளஸ்.

எண்பது நிமிஷம் ஓடும் ஒரே படம். எப்படி இத்தனை வித்தியாசம்? உட்காருவதற்கு முன்னால் யார் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இயக்குநர்கள் டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் இருவரும் படம் வருவதற்கு முன்பே ஒரு வெப்சைட் போட்டு, போலீஸ் ரிப்போர்ட் மாதிரியும் பேட்டி மாதிரியும் கதை கட்டினார்கள். 1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் "காணவில்லை" நோட்டீஸ் கொடுத்தார்கள். ரிலீசுக்கு முன்னால் டி.வி.யில் டாகுமெண்டரி மாதிரி ஒன்றையும் காட்டினார்கள். கதை நடப்பதாகச் சொன்ன பர்கிட்ஸ்வில் மேரிலாந்தில் நிஜமாகவே இருக்கும் சின்ன ஊர். ஜனங்கள் அங்கே போய் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்! நிஜம் என்று நம்பி உட்கார்ந்தவன் பயந்தான். பேய் வரும் என்று காத்திருந்தவன் ஏமாந்தான். என் மகன் முதல் ரகம், நாங்கள் இரண்டாவது ரகம்.

இப்போது எதையும் எதிர்பார்க்காமல் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, வயிற்றைப் பிசைந்தது. எட்டே நாள் ஷூட்டிங். செலவு அறுபதாயிரம் டாலருக்குள்தான் என்கிறார்கள். எழுதி வைத்த வசனம் கிடையாது. கேமராவை நடிகர்கள் கையிலேயே கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். தினமும் குறித்த இடத்தில் ஆளுக்கொரு சீட்டு இருக்கும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. நாளாக நாளாகச் சாப்பாட்டையும் குறைத்தார்கள். ராத்திரி டெண்ட்டைப் பிடித்து உலுக்கியது இயக்குநர்கள் தரப்பு ஆட்கள்தான். உள்ளே இருந்தவர்கள் கண்ணில் தெரியும் பசியும் தூக்கமின்மையும் பாதிக்குப் பாதி நிஜம். கடைசிக் காட்சி புரிய வேண்டுமானால் ஆரம்பத்தில் ஊர்க்காரர் ஒருவர் சொல்லும் செய்தியைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் அந்த நேரத்தில் முறுக்கு நமநமத்துவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இதுவரை சொன்னது ரசனை விஷயம். எனக்கு உறுத்துவது வேறு.

அந்தப் பெண் ஹெதர் டோனஹ்யூ. மூன்று பேருமே சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். மற்ற இருவர் ஜோஷுவா லியனார்ட், மைக்கேல் வில்லியம்ஸ். செத்துப் போனவர்கள் என்று ஜனங்கள் நம்ப வேண்டுமே, அதனால் படம் வெளிவரும்வரை தலைகாட்டாமல் இருக்கச் சொன்னார்களாம். ஹெதரின் அம்மாவுக்குத் துக்கம் விசாரித்து முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கார்டுகள் வந்தன.

நான் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவன். எங்கள் ஊரில் ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருமுறை, மகன் இறந்துவிட்டான் என்ற தந்தி வீடு மாறிப் போய்விட்டது. அரை மணி நேரத்துக்குள் ஓடிப் போய்த் தப்பைச் சரிசெய்துவிட்டோம். பையன் வெளியூரில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். ஆனாலும் அந்த அம்மாள் ஒரு மாசம்வரை ஆபீஸ் வாசலுக்கு வந்து, "அவன் பேருக்கு ஏதும் வந்திருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஹெதரின் அம்மாவுக்கு மகள் உயிரோடு இருப்பது தெரியும். தெரிந்தாலும், தபால்காரர் கொண்டுவரும் ஒவ்வொரு கார்டையும் பிரித்துப் பார்க்கும்போது ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? விளம்பரத்துக்காக அதைச் செய்திருக்கக் கூடாது.

படம் உலகம் முழுவதும் ஏறக்குறைய 25 கோடி டாலர் வசூலித்தது. ஏமாந்ததாக நினைத்தவர்களின் கோபம் விளம்பரம் செய்தவர்கள் மேல் போகவில்லை, நடித்த பெண் மேல் போயிற்று. கோல்டன் ராஸ்பெர்ரி என்ற கேலி விருதுக்காரர்கள் அந்த வருஷத்தின் மோசமான நடிகை என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக, கூட வந்தவர்களின் அம்மாக்களிடம் அவர் மன்னிப்புக் கேட்கும் காட்சியை இந்தத் தடவை பார்த்தேன். அதைவிட நன்றாக யார் நடித்துவிட முடியும்? நிஜம் மாதிரி நடிக்கச் சொன்னார்கள், நடித்தார். நிஜம் இல்லை என்று தெரிந்ததும் அவரைத்தான் அடித்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2024-இல், அந்த மூன்று பேரும் உரிய பங்குத்தொகை கேட்டுப் பகிரங்கமாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இத்தனைக்கும் படத்தைப் பிடித்ததே அவர்கள் கைகள்தான்.

பார்வையாளன் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். டிக்கெட் வாங்கியவனுக்கு அந்த உரிமை உண்டு. படம் பிடிக்கவில்லை, தலை சுற்றியது, தூக்கம் வந்தது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். திட்டுவதற்கு முன்னால், நம்மை ஏமாற்றியது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். முறுக்குத் தட்டோடு உட்கார்ந்து நான் அடித்த அந்த ஜோக்கை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் சொல்லிவிட வேண்டும்.

பார்க்காதவர்கள் பார்க்கலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பேய்க்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

மறுநாள் காலையில் மச்சினனுக்குப் போன் போட்டு, மறுபடி பார்த்தேன், படம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

"அப்படியா அத்தான்? இந்தத் தடவையாவது பேய் வந்துச்சா?" என்று கேட்டான்.