கப்பல் ஏறுமுன் ஒரு வீடு

அந்தமானில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர் குடும்பங்களுக்கு மாற்றல் ஆணை புதிதன்று. ஆணை வந்ததும் கட்டில், பீரோ, மிதிவண்டி அனைத்தும் சென்னைக் கப்பலுக்காகக் கட்டப்படுகின்றன. கொல்லையில் நிற்கும் பெரிய நாயைப் பற்றிய பேச்சு மட்டும் கடைசி வாரம் வரை எழுவதில்லை. “கடற்கரையில் விட்டால் மீனைத் தின்று பிழைத்துக்கொள்ளும்” என்று பெரியவர் சிலர் கூறுவர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

நாய் இத்தீவுகளுக்கு உரிய விலங்கு அன்று. 1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கைதிகள் குடியிருப்பை நிறுவிய பின்னரே நாய்கள் இங்குப் பெருகின. அதுவரை நாயை வளர்த்தறியாத பழங்குடியினர், காட்டுப்பன்றி வேட்டைக்கு அதனை விரைவில் பழக்கிக்கொண்டனர். மனிதன் கப்பலில் கொண்டுவந்த உயிர் அது. அதனைக் காக்கும் கடமையும் அவனுடையதே. கைவிடப்பட்ட நாய் பசி தாளாமல் கடற்கரை மணலைத் தோண்டி ஆமை முட்டைகளைத் தின்கிறது. வனத்துறையினர் முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகங்களில் வைத்துக் காப்பதற்கு நாய்களும் ஒரு காரணம். ஆக, ஒரு குடும்பத்தின் கவனக்குறைவுக்கு நாயும் துன்புறுகிறது, ஆமையும் அழிகிறது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

உடன் அழைத்துச் செல்ல இயன்றவர்கள் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு அழைத்துச் செல்லலாம். இயலாதவர்கள் வேறு வீடு தேட வேண்டும். அது எளிதன்று. நாய்க்குட்டியைத் தொல்காப்பியம் ‘குருளை’ என்கிறது. குருளையைக் கேட்டு வருவோர் பலர், முப்பது கிலோ எடையுள்ள வளர்ந்த நாயைக் கேட்போர் மிகச் சிலரே. அதிலும் அந்நாய் தெருவிலிருந்து மீட்கப்பட்டதாயின், ஒருமுறை கைவிடப்பட்ட அச்சம் அதன் உள்ளத்தில் இருக்கும். ஆகவே முதலில் கேட்பவரிடமே கொடுத்துவிடுவது பிழை. பகலெல்லாம் சங்கிலியில் கட்டிவைக்க எண்ணுபவருக்கும், வாடகை வீட்டில் உரிமையாளரின் இசைவு பெறாதவருக்கும் கொடுக்கலாகாது. கோழி வளர்ப்பவரிடம், அது கோழியைத் துரத்தும் என்பதை மறைக்கவும் கூடாது. குறையை மறைத்துக் கொடுத்த நாய் சில வாரங்களிலேயே தெருவுக்குத் திரும்பிவிடக்கூடும்.

குறையைச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார் என்று வீட்டார் அஞ்சுவது இயல்பே. எனினும் கேட்டறிந்தபின் ஏற்பவரே வைத்துக் காப்பவர். அத்தகையவர் கிடைக்க ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். மாற்றல் வரும் என்ற பேச்சு எழும்போதே தேடத் தொடங்குவது நன்று. புதிய வீட்டார் பலமுறை வந்து பழகிய பிறகே நாயை ஒப்படைக்க வேண்டும்.

இதில் பிள்ளைகளின் பங்கு பெரியவர்களுடையதைவிடப் பெரிது. இடிக்கு அஞ்சி அது எங்கே ஒளியும், எந்தக் காதைத் தொட்டால் சீறும் என்பதை நன்கறிந்தவர்கள் அவர்களே. இத்தீவில் அடுத்த வீட்டார் வங்காளியாகவோ தெலுங்கராகவோ இருக்கலாம். நாய்க்குத் தெரிந்ததோ தமிழ் மட்டுமே. ‘வா’, ‘இரு’, ‘போதும்’, ‘சாப்பிடு’ என்னும் சொற்களைப் பிள்ளைகள் இந்தி எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பொருளையும் குறித்து, அதன் பழைய சாப்பாட்டுத் தட்டுடன் புதிய வீட்டாரிடம் கொடுக்கலாம்.