அரை மணி நேரம் கொடுங்க சார்!

நானூறு மீட்டர். அவ்வளவுதான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலை போட்ட ஒரு பைக்கை ஓட்டிப் பார்க்க, புதுச்சேரி நூறடி ரோட்டில் ஒரு ஷோரூம் எங்களுக்கு அளந்து கொடுத்த தூரம் அது. கடையின் பேர் வேண்டாம். வேறு ஊரில் வேறு போர்டு மாட்டிய கடைக்குப் போயிருந்தாலும் கதை இதேதான் என்று நீங்களே தலையாட்டுவீர்கள்.

வாங்கப் போனது நானில்லை. என் அக்கா மகன். அக்காவுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் காட்டேரிக்குப்பம். பேரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். காட்டேரி என்பது பேயா, காட்டில் இருந்த ஏரியா என்று அந்த ஊர்க்காரர்களே டீக்கடையில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பையனுக்குச் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. இரண்டு வருஷம் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தோடு, "மாமா, ஸ்போர்ட்டியா ஒரு வண்டி எடுக்கணும், கூட வாங்க" என்றான். போனேன்.

சேல்ஸ் தம்பி நல்ல பையன்தான். டை கட்டியிருந்தான். "டெஸ்ட் ரைடு இருக்கு சார்" என்றான். வண்டியை வெளியே தள்ளினான். பின்னால் அவனே ஏறிக்கொண்டான். அடுத்த யூ டர்ன் வரை போய்த் திரும்பி வரவேண்டும். மூணாவது கியர் போட்டார்களோ இல்லையோ, வந்து இறங்கிவிட்டார்கள். ஹெல்மெட்? "பக்கத்துலதானே சார்!" திரும்பி வந்த என் மாப்பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "சூப்பரா இருக்கு மாமா." எது சூப்பர் என்று கேட்டேன். "சவுண்டு" என்றான்.

ஐயா, நாலு முழ வேட்டி வாங்கினாலும் பிரித்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஜனங்கள் நாம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல் எந்த வீட்டு அம்மாவாவது பையில் போட்டதுண்டா? ஆனால், உயிரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை மட்டும் சத்தத்தைக் கேட்டே வாங்குகிறோம். ஷோரூம்காரன் ஏமாற்றுகிறான் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் கேட்கவே இல்லை என்பதுதான் என் புகார்.

இந்த சத்தத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. என் வயசுக்காரர்களுக்கு ஆர்எக்ஸ் 100. 1985-ல் வந்தது, 98 சிசி, பதினோரு குதிரைசக்தி. 1996-ல் நிறுத்திவிட்டார்கள். இன்னமும் அந்தச் சத்தம் தெருவில் கேட்டால் திரும்பிப் பார்க்கிறோம். 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட். 2001-ல் பல்சர் வந்தது. 'இது ஆம்பளை வண்டி' என்று பச்சையாகவே விளம்பரம் செய்து விற்றார்கள். விற்றது. 2007-ல் வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' வந்தபோது, பல்சர் வாங்கியதும் தனுஷுக்கு வேலை, காதல், வீட்டில் மரியாதை எல்லாம் வரிசையாக வரும். அந்த பைக் தொலைந்த பிறகு அவர் படுகிற பாடுதான் படமே. நம் பையன்களுக்கு முதல் பாதி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது!

"அதெல்லாம் பழசு மாமா. நான் யூடியூப்ல முப்பது ரிவ்யூ பார்த்துட்டேன்" என்றான் மாப்பிள்ளை. பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால், அந்த ரிவ்யூக்காரர்களில் பலர் எங்கே ஓட்டுகிறார்கள்? இருங்காட்டுக்கோட்டை மாதிரியான ரேஸ் டிராக்கில். தலை முதல் கால் வரை கவசம், பின்சீட்டில் ஆள் கிடையாது, எதிரே நாய் கிடையாது. காட்டேரிக்குப்பம் ரோடு அப்படியா இருக்கிறது? பத்துக்கண்ணு தாண்டி ஊர்ப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். திருப்பத்தில் மணல், விளக்கில்லாத டிராக்டர், ரோட்டிலேயே காயப்போட்ட நெல், பெயிண்ட் அடிக்காத வேகத்தடை. பாதி தூரம் புதுச்சேரி, நடுவில் கொஞ்சம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. எந்த அரசாங்கத்தின் பள்ளத்தில் விழுந்தோம் என்று தெரிந்துகொள்ளவே தனியாக மேப் வேண்டும்.

அந்த ரோட்டுக்கு எந்த வண்டி என்பதுதான் கேள்வி. ஷோரூம் கொடுக்கிற வழவழ காகிதத்தில் பதில் இருக்கிறது, ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஓர் உதாரணம். யமஹா எம்டி-15 வண்டிக்கு 18.4 குதிரைசக்தி என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 10,000 ஆர்பிஎம் என்று இருக்கும். அதாவது எஞ்ஜின் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும்போதுதான் அந்த முழுச் சக்தி வரும். ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350-க்கு இருபதுக்குக் கொஞ்சம் மேலே, அதுவும் 6,100 சுற்றிலேயே. அதன் இழுவை உச்சம் 4,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. அப்படியானால் ஹன்டர்தான் நல்ல வண்டியா? அவசரப்படாதீர்கள். அதன் எடை 181 கிலோ. மற்றது அதைவிடச் சுமார் நாற்பது கிலோ குறைவு. நாற்பது கிலோ என்பது கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமென்ட். நெரிசலில் உருட்டித் திருப்பும்போது எந்த வண்டி கை கொடுக்கும்? சீட் உயரம் ஒன்றுக்கு 810 மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு 790. ஒரு விரற்கடை வித்தியாசம்தான். ஐந்தரை அடி ஆளுக்கு சிக்னலில் பாதம் முழுசாகப் படுவதும் பெருவிரல் மட்டும் படுவதும் அந்த ஒரு விரற்கடையில் இருக்கிறது.

இதில் எது உங்களுக்குச் சரி என்று நான் சொல்ல முடியாது. ரிவ்யூக்காரனும் சொல்ல முடியாது. உங்கள் முதுகும் முழங்காலும்தான் சொல்லும். அதற்கு நானூறு மீட்டர் போதாது. எஞ்ஜின் சூடு தொடையில் ஏறுகிறதா என்பது இந்திரா காந்தி சிலை சிக்னலில் இரண்டு தடவை நின்றால்தான் தெரியும். மணிக்கட்டு வலிப்பது இருபதாவது நிமிஷத்தில்தான் ஆரம்பிக்கும். ஹெட்லைட் யோக்கியதை ராத்திரி ஏழு மணிக்கு மேல்.

பிரேக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும்.

அக்கா தெருவில் ஒரு பையன் இருந்தான். ஏபிஎஸ் கட்டாயமாவதற்கு முந்தைய காலம். அப்பாவின் நூறு சிசி வண்டியை ஐந்து வருஷம் ஓட்டியவன், நல்ல ஓட்டுக்காரன் என்று பேர். இரண்டு பக்கமும் டிரம் பிரேக், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மெதுவாகத்தான் நிற்கும். கைக்கு அதுதான் பழக்கம். டிஸ்க் பிரேக் வைத்த பெரிய வண்டி வாங்கினான். பதினொன்றாம் நாள், கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்ப, பழைய வண்டியில் பிடிக்கிற மாதிரியே முன் பிரேக்கை முழுசாக இழுத்துவிட்டான். கீழே மணல். முன்சக்கரம் பூட்டிக்கொண்டது. டிராக்டரை அவன் தொடவே இல்லை. தலை தரையில். ஹெல்மெட் புதுசாக, கவரோடு வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டிக்கு மூணு வருஷம் மாசாமாசம் தவணை கட்டியவர் அவன் அப்பா.

வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, காலி ரோட்டில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த பிரேக்கைப் பிடித்துப் பார்த்திருந்தால் கைக்குத் தெரிந்திருக்கும். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும்தான்.

இப்போது சட்டம் கொஞ்சம் உதவுகிறது. 125 சிசி-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால் அதுவே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். ஆனால், 'ஏபிஎஸ் இருக்கு சார்' என்றால் உடனே பூரித்துப்போகாதீர்கள். சிங்கிள் சேனலா, டூயல் சேனலா என்று கேளுங்கள். சிங்கிள் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும்தான், பின்சக்கரம் வழுக்கினால் உங்கள் பாடு. ஒரே பேரில் இரண்டும் விற்பார்கள். விலையில் சில ஆயிரம்தான் வித்தியாசம். நீங்கள் ஓட்டிப் பார்க்கிற வண்டியும் வாங்கப் போகிற வண்டியும் ஒரே ரகம்தானா என்பதையும் கேளுங்கள். அறுபதில் போகும்போது ஒரு விநாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடிவிடுகிறீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும். இது பத்தாம் வகுப்புப் பாடம்தான்!

2022-ம் வருஷம் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு. அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் ஏறக்குறைய 75 ஆயிரம். புதுச்சேரியில் நாம் என்ன செய்தோம்? 2019 பிப்ரவரியில் ஹெல்மெட்டை வைத்து அரசியல் செய்தோம். துணைநிலை ஆளுநர் கிரண்பேடி ரோட்டில் இறங்கி ஹெல்மெட் இல்லாதவர்களை நிறுத்தினார். முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசலில் உட்கார்ந்தார். அந்தத் தகராறில் ஹெல்மெட்டும் ஒரு காரணம். தலை யாருடையது என்பதை விட்டுவிட்டு அதிகாரம் யாருடையது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். புது பைக்கோடு ஐஎஸ்ஐ தரத்தில் ஒரு ஹெல்மெட் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. உங்களுக்குக் கொடுத்தார்களா? பில்லை எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு ஆளை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பின்சீட்டு.

என் அக்கா மாசம் ஒரு தடவை ஜிப்மருக்குப் போக வேண்டும். மகன்தான் கூட்டிப்போகிறான். அவள் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவள். இந்த ஸ்போர்ட்டி வண்டிகளில் பின்சீட்டு என்பது ஒரு மாவடு சைஸ் மெத்தை. அதுவும் பரணில்! விதி 123-ன்படி பின்னால் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சக்கரத்தில் மாட்டாமல் இருக்கத் தடுப்பு எல்லாம் இருந்தாக வேண்டும். இருக்கிறது. டெலிவரி எடுத்த மறுநாளே நம் பையன்கள் மெக்கானிக்கிடம் போய் சேலை கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். லுக் போயிடுதாம். அம்மாவின் முந்தானை போனால் பரவாயில்லையா என்று எந்த அப்பாவும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அப்பா பக்கத்தில் நின்று, "ஆமாம்ப்பா, இப்ப நல்லா இருக்கு" என்கிறார்.

ஷோரூம்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. "பசங்க எடுத்துட்டுப் போய் விழுந்தா யார் சார் பொறுப்பு? வண்டியோடவே ஓடிட்டா?" வாஸ்தவம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் இன்னொரு வண்டியில் கூடவே வரட்டும். இரண்டு ஹெல்மெட் வாங்கிப் போடுங்கள். வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே வியாபாரச் சான்றிதழில் வண்டியை ரோட்டில் விட சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அரை மணி நேரம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பெட்ரோல் ஐம்பது ரூபாய். இதைவிட அதிகமாக பலூனுக்கும் கேக்குக்கும் செலவழிக்கிறீர்களே!

இது நடக்காத காரியம் இல்லை. அடுத்த வாரம் வேறு இரண்டு கடைகளில் கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டோம். அக்காவையும் கூட்டிப்போயிருந்தேன். ஒரு கடையில் முடியவே முடியாது என்றார்கள். இன்னொன்றில் மேனேஜர் ஒரு நிமிஷம் யோசித்து, "சரி, அம்மாவும் ஏறட்டும்" என்றார். ஊசுட்டேரி வரை போய் வந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய அக்கா, "தம்பி, வேகத்தடை வந்தா நான் ஒரு தடவை ஆகாசத்துக்குப் போயிட்டு வரேன்டா" என்றாள். மகன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வண்டி அவன் முப்பது ரிவ்யூவிலும் முதல் இடம் பிடித்த வண்டி. அதே கடையில் இருந்த இன்னொரு மாடலில் அதே தூரம், அதே ரோடு, அதே அக்கா. இந்த முறை அவள் ஆகாசம் போகவில்லை. பிக்கப் கொஞ்சம் கம்மி என்றான் மகன். பிரேக் எப்படி என்று கேட்டேன். முதல் முறையாக, யோசித்துப் பதில் சொன்னான்.

இன்னும் வாங்கவில்லை. ராத்திரியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். எனக்கு சந்தோஷம்.

நேற்று அந்த முதல் ஷோரூமிலிருந்து அவனுக்கு போன். "சார், ஆஃபர் இந்த வாரம் முடியுது, புக் பண்ணிடலாமா?" ஸ்பீக்கரில் போட்டான். "அம்மாவை ஏத்திக்கிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மேனேஜர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுறேன் சார்."

இதை எழுதி முடிக்கிற வரை கூப்பிடவில்லை.