புகையில் குறைந்த பிள்ளைகள்

காட்டுத் தீ என்றதும் எரிந்த மரங்களைக் கணக்கெடுக்கிறார்கள். தாய் வயிற்றிலிருக்கும் சிசு அந்தக் கணக்கில் வருவதில்லை.

1997-ல் இந்தோனேஷியாவில் சுமத்ராவும் காலிமந்தானும் மாதக்கணக்கில் எரிந்தன. எண்ணெய்ப்பனைத் தோட்டம் போடக் காட்டுக்குத் தீ வைப்பது அங்கே வழக்கம். அவ்வாண்டு எல் நினோவால் மழை பொய்த்தது. வைத்த தீ அடங்கவில்லை. சதுப்பு நிலங்களில் மக்கிக் கிடந்த தாவரப் படிவும் பற்றிக்கொண்டது. புகை சிங்கப்பூர், மலேசியா வரை மூடியது.

இறந்த சிசுக்களுக்குச் சரியான பதிவேடு அங்கே இல்லை. ஆகவே பொருளாதார ஆராய்ச்சியாளர் சீமா ஜெயச்சந்திரன் 2000-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைப் புரட்டினார். புகைக் காலத்தை ஒட்டிப் பிறந்து உயிரோடு இருக்கவேண்டிய பிள்ளைகளில் எத்தனை பேர் குறைகிறார்கள் என்று வட்டாரம் வட்டாரமாகப் பார்த்தார். 2009-ல் வெளியான அவரது ஆய்வின்படி, குறைந்தவர்கள் சுமார் 15,600 பேர்! பிறந்தபின் குழந்தை சுவாசித்த புகையைவிட, கர்ப்பத்தில் தாய் சுவாசித்த புகையே பெரும்பாலும் காரணம்.

புகை எல்லோருக்கும் பொது, இழப்பு அப்படியல்ல. ஏழை வட்டாரங்களில் அது மிக அதிகம். கூலிக்குப் போகிறவள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருக்க முடியுமா? இருந்தாலும் அங்கே விறகடுப்பு.

டில்லித் தமிழருக்கு இது அயலார் கதையல்ல. அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரியும் நெல்தாளின் புகை தலைநகருக்கும் வருகிறது. காற்று மிகவும் கெட்டால் கட்டட வேலையை நிறுத்தச் சொல்கிறார்கள். நல்லதுதான், கூலிக்கு என்ன வழி? உதவித் தொகை, கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கே. பதிவதற்கோ ஓராண்டில் 90 நாள் வேலை செய்த அத்தாட்சி வேண்டும். எந்த மேஸ்திரி கேட்டவுடன் எழுதித் தருகிறார்? பதியாத கர்ப்பிணிச் சித்தாள் வேறு வேலை தேடி அதே புகையில்தான் அலையவேண்டும்.

அக்டோபருக்கு முன்பே வாரிய அலுவலர்கள் வேலைத் தலங்களுக்கு நேரில் சென்று பெயர் பதியவேண்டும். கர்ப்பிணிகளுக்கு, பதிவு இல்லை என்று கைவிரிக்காமல் உதவித் தொகை தரவேண்டும். படிவத்தை நிரப்பத் தெரியாமல் நிற்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கு, ஆபீஸ் உத்தியோகத்திலிருக்கும் தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமையில் அரைமணி ஒதுக்கினால் போதும்.