மிதாலி ராஜும் நம்ம பள்ளி மைதானமும்



இந்த மாதம் சுவர் இதழுக்கு 'எனக்குப் பிடித்த விளையாட்டு வீரர்' என்று எழுதச் சொன்னார்கள். பசங்க எல்லாரும் சச்சின், தோனி, கோலி என்றுதான் எழுதுவார்கள். நான் எழுதப் போவது மிதாலி ராஜைப் பற்றி. "யாரு அது?" என்று கேட்பவர்கள் கட்டாயம் படியுங்கள். தெரிந்தவர்களும் படியுங்கள். ஏனென்றால் கடைசியில் நம் பள்ளிக்கு ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன்.

மிதாலி 1982 டிசம்பர் 3ஆம் தேதி ராஜஸ்தானில் உள்ள ஜோத்பூரில் பிறந்தார். தமிழ்க் குடும்பம். அப்பா துரைராஜ் விமானப்படையில் வேலை பார்த்தவர். அம்மா பெயர் லீலா ராஜ். மிதாலி வளர்ந்தது ஹைதராபாத், செகந்திராபாத் பக்கம். சின்ன வயதிலேயே பரதநாட்டியம் கற்றுக்கொண்டார். காலையில் எழுந்திருக்கச் சோம்பல்படுகிறாளே என்று, அண்ணன் போகும் கிரிக்கெட் பயிற்சிக்கு அவரையும் அப்பா கூட்டிக்கொண்டு போனாராம். அப்போது அவருக்குப் பத்து வயது இருக்கும். பிறகு நடனமா கிரிக்கெட்டா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

1997 உலகக் கோப்பைக்கான உத்தேசப் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது வயது 14. என் வயசுதான்! கடைசி அணியில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் 1999 ஜூன் 26ஆம் தேதி, இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில், அயர்லாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டியில் இறங்கினார். முதல் போட்டியிலேயே அவுட் ஆகாமல் 114 ரன். அப்போது அவருக்கு வயது 16.

அடுத்தது 2002 ஆகஸ்ட். இங்கிலாந்தில் டான்டன் மைதானம். மிதாலிக்கு அது மூன்றாவது டெஸ்ட். 214 ரன் அடித்தார். பெண்கள் டெஸ்ட் கிரிக்கெட்டில் அன்றைக்கு அதுதான் உலக சாதனை. வயது 19.

சாதனைத் துளிகள்:
★ ஒருநாள் போட்டிகள் 232. ரன்கள் 7805. சராசரி 50.68.
★ சதம் 7, அரைசதம் 64.
★ 2017இல் தொடர்ந்து 7 ஒருநாள் போட்டிகளில் அரைசதம். அதே வருடம் பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் 6000 ரன்னைத் தாண்டிய முதல் வீராங்கனை.
★ ஆறு உலகக் கோப்பைகளில் ஆடியவர். 2005, 2017 இரண்டு முறையும் கேப்டனாக இந்தியாவை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர்.
★ அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ, கேல் ரத்னா பெற்றவர்.

இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு ஒரு எண்ணைப் பற்றி. அது 12.

மிதாலி 2022 ஜூன் 8ஆம் தேதி ஓய்வு பெற்றார். 23 வருடம் நாட்டுக்காக ஆடியிருக்கிறார். அதில் அவர் ஆடிய டெஸ்ட் போட்டிகள் மொத்தமே 12. சச்சின் 24 வருடத்தில் 200 டெஸ்ட் ஆடினார். சச்சினைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்றாவது டெஸ்டிலேயே உலக சாதனை பண்ணின ஒருத்தருக்கு, அதற்கப்புறம் 19 வருடத்தில் கிடைத்தது ஒன்பதே டெஸ்ட்!

அவருக்குக் காயமா? ஃபார்ம் இல்லையா? அதெல்லாம் இல்லை. போட்டியே நடக்கவில்லை. இந்தியப் பெண்கள் அணி 2006 ஆகஸ்டில் ஒரு டெஸ்ட் ஆடியது. அதற்கு அடுத்த டெஸ்ட் 2014 ஆகஸ்டில்தான். 2006இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அடுத்த டெஸ்ட் வரும்போது ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அந்த 2014 முடிந்த பிறகு 2021 வரைக்கும் மறுபடியும் ஒன்றுமே இல்லை.

ஆரம்ப காலத்தில் ரிசர்வேஷன் இல்லாத ரயில் பெட்டியில் போய் ஆடியதாக மிதாலியே சொல்லியிருக்கிறார். 2005 உலகக் கோப்பையில் இரண்டாவது இடம் வந்தபோது ஒரு மேட்சுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாம்.

"பொண்ணுங்க ஆடினா யார் பார்ப்பாங்க?" என்று என் வகுப்புப் பசங்க கேட்டார்கள். அவர்களுக்கு என் பதில் இது. 2017இல் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியைப் பார்க்கக் கூட்டம் நிரம்பி வழிந்தது. 9 ரன்னில் இங்கிலாந்திடம் தோற்றோம், ஆனாலும் நாடே பேசியது. 2023இல் பெண்களுக்கும் பிரீமியர் லீக் வந்தது. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கௌர் தலைமையில் நம் பெண்கள் உலகக் கோப்பையையே ஜெயித்தார்கள். அன்றைக்கு மிதாலி கையிலும் அந்தக் கோப்பையைக் கொடுத்தார்கள். ஆட விட்டால்தானே பார்க்க ஆள் வரும்? ஆடவே விடாமல் ஆள் வரவில்லை என்று சொல்வது, விதையே போடாமல் விளையவில்லை என்று சொல்கிற மாதிரி.

இப்போது நம் பள்ளிக்கு வருகிறேன். பி.டி. பீரியட் மணி அடித்ததும் பேட், பந்து, ஸ்டம்ப் எல்லாம் பசங்க கைக்குப் போய்விடும். எங்களுக்கு ஸ்கிப்பிங் கயிறும் ரிங்கும். அதுவும் வேப்ப மரத்தடியில். மைதானம் முழுவதும் அவர்களுக்கு. பந்து எங்கள் பக்கம் வந்தால் எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் எங்க கிரிக்கெட். கேட்டால் "உங்களுக்கு ஆடத் தெரியாது" என்கிறார்கள். தெரியாதுதான். பேட்டைத் தொட்டால்தானே தெரியும்! அவர்களும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டா வந்தார்கள்? வீட்டிலும் "வெயில்ல ஆடினா கறுத்துப்போயிடுவே, அடிபட்டா நாளைக்கு யார் கட்டிப்பாங்க" என்று சொல்கிறார்கள். நாற்று நடும்போதும், தண்ணீர்க் குடம் தூக்கும்போதும், நூறு நாள் வேலையிலும் வெயில் அடிக்கத்தானே செய்கிறது? அப்போது யாரும் கறுப்பைப் பற்றிப் பேசக் காணோம்.

மிதாலி மாதிரி நாங்களும் 7805 ரன் அடிப்போம் என்று நான் சொல்லவில்லை. எங்களில் பாதிப் பேருக்குக் கிரிக்கெட்டே பிடிக்காமல் போகலாம். பிடிக்குதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவாவது ஒரு வாய்ப்பு வேண்டாமா?

அதனால் தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் பி.டி. சாருக்கும் பணிவான கோரிக்கைகள்:

1. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியடில் ஒன்றில் மைதானமும் பேட்டும் பெண்களுக்கு.
2. பேட் பிடிப்பது, பந்து போடுவது எப்படி என்று முதல் ஒரு மாதம் சார் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.
3. விளையாட்டு விழாவில் பெண்களுக்கும் எட்டு ஓவர் மேட்ச் ஒன்று. நடுவராகப் பசங்களே இருக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இதை எழுதுவதால் சார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அக்காமார்களே, தங்கைகளே! எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் ஆட விருப்பம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். அணிக்கு இன்னும் நாலு பேர் வேண்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி